செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை: 200 ரூபாய்க் கோளாறுக்கு நான்கு நாள் அலைச்சல்

முருங்கைக்காய்க் கட்டுகளை எல்லாம் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கி, சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாகத்தான் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, பத்தாவது தடவையும் அதே கதைதான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஏலம் எனக்காகக் காத்திருக்காது. கடைசியில் 1,200 ரூபாய் வாடகைக்கு வேறு வண்டி பிடித்து லோடை மாற்றி அனுப்பினேன். அந்த வார லாபம் அதோடு சரி.

என் பிக்கப் 2004 மாடல் டீசல். நான்கு சிலிண்டர், டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்ப ரோட்டரி பம்ப், சென்சார் எதுவும் கிடையாது. மைக்கோ கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டாலும் எங்கள் பக்கம் அது இன்னும் ‘மைக்கோ பம்ப்’தான். கம்ப்யூட்டர் இல்லாத வண்டி, கோளாறு சுலபமாகத் தெரிந்துவிடும் என்ற தைரியத்தில் இருந்தேன்.

முதல் தப்பு என்னுடையது. பேட்டரி உட்காரும் வரை அடித்துக்கொண்டே இருந்தேன். பத்து செகண்டுக்கு மேல் செல்ஃப் அடிக்கக்கூடாது, அடித்தால் ஒரு நிமிஷமாவது ஆறவிட வேண்டும் என்பது தெரியும். அவசரத்தில் யாருக்கு நினைவு வருகிறது? தெரியாத விஷயம் இன்னொன்றும் இருந்தது. இந்த வகை பம்புக்கு உள்ளே ஓடும் டீசல்தான் தேயாமல் காக்கும் எண்ணெய் மாதிரி. டீசல் வராமல் வெறும் பம்பைச் சுற்றவிட்டால் உள்ளே கீறல் விழும். நல்லவேளை, என் பம்ப் தப்பித்தது.

அடுத்து, பக்கத்துத் தோட்டத்துப் பையன் வந்து பெட்ரோலில் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் வைத்தான். இன்ஜின் இரண்டு செகண்ட் படபடவென்று ஓடி நின்றுவிட்டது. “பாத்தீங்களாண்ணே, பம்ப் போயிருச்சு” என்றான். நானும் தலையாட்டினேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் பழுத்திருக்கும் நேரத்தில் பெட்ரோல் ஆவி உள்ளே போனால் பின்னடித்து முகத்தைப் பொசுக்கிவிடும். ஆனால் அந்த இரண்டு செகண்ட் ஒரு நல்ல சேதி சொல்லியிருந்தது: கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் வலு) இருக்கிறது, எரிய ஏதாவது கிடைத்தால் இன்ஜின் எரிக்கும். எனக்குத்தான் அது புரியவில்லை.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்து, சாவி போட்டால் பம்பில் டீசலைத் திறந்துவிடும் கரண்ட் வால்வை, அதாவது சொலினாய்டைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், 400 ரூபாய்க்கு ஒழுங்காக வேலை செய்தார். நீங்களே பார்க்கலாம்: செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, பம்ப் பக்கம் காதை வைத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸையும் ஒயரையும் பார்க்காமல் வேறு எதிலும் கை வைக்காதீர்கள். எனக்கு டிக் வந்தது. டெஸ்டர் லைட்டும் எரிந்தது.

மறுநாள்தான் உண்மையான கூத்து. வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு டவுனில் ஒரு பம்ப் சர்வீஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “பம்பை இறக்கிக் குடுத்துட்டுப் போங்க. 18,000 ஆகும், நாலு நாள் ஆகும்.” பம்ப் வரைக்கும் டீசல் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றேன். “நாங்க எத்தனை பம்ப் பாத்திருக்கோம்” என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டார். அட்வான்ஸ் 5,000 கேட்டார். கையில் அவ்வளவு இல்லை. இருந்திருந்தால் கொடுத்திருப்பேன், சத்தியமாக. போக வர இழுவைக் கூலி 2,400 தண்டம்.

மூன்றாம் நாள் அம்மா சொல்லித்தான் ஊரில் டிராக்டர் பார்க்கும் பெரியவரிடம் போனேன். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “செல்ஃப் அடிக்கயில சைலன்சர்ல புகை வருதா தம்பி?”

தெரியவில்லை. நான் உட்பட யாரும் வண்டிக்குப் பின்னால் போய் நின்று பார்க்கவே இல்லை. அடித்துப் பார்த்தால் நூல் புகைகூட இல்லை. வெள்ளையாகப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். அப்போது ஹீட்டர் பிளக், டைமிங், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். புகையே வராவிட்டால் டீசலே போகவில்லை. பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

அப்புறம் ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி கேபின் மேல் கட்டினார். டேங்க்கிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு ஹோஸை நேராக பம்பில் மாட்டினார். ரிட்டர்ன் ஹோஸும் கேனுக்குள்ளேயே. பம்பிலிருந்து நாசிலுக்கு (டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் மூக்கு) போகும் பைப் நட்டுகளை லேசாகத் தளர்த்தி என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். முதலில் நுரை, அப்புறம் சுத்தமான டீசல். நட்டுகளை இறுக்கினார். (இந்த இடத்தில் கையை, முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும்.) அடுத்த திருப்பில் வண்டி பிடித்துக்கொண்டது. 18,000 ரூபாய் பம்ப் கும்மென்று ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

ஆக, பம்புக்கும் டேங்க்குக்கும் நடுவில்தான் கோளாறு. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பெரியவர் சிரித்தார். என் வண்டியில் தனி ஃபீட் பம்ப் கிடையாது. பம்பேதான் டேங்க்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வண்டி நிற்கும்போது லைனில் இருக்கும் டீசல் மெதுவாக டேங்க்குக்கே திரும்பிவிடும். இரண்டு மாதமாகக் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் நீளமாக அடிக்க வேண்டியிருந்ததும், முன்பக்கம் மேடாக நிறுத்திய நாட்களில் அது இன்னும் மோசமானதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பேட்டரி பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கிப் போட்டேன்.

கேனைக் கழற்றிவிட்டு, பம்ப் வாயில் ஒரு சாண் கண்ணாடி டியூபை (உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப்) மாட்டி, டேங்க் லைனோடு சேர்த்து ஓடவிட்டார். சோடா பாட்டில் மாதிரி குமிழ்கள் வரிசையாக ஓடின. ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் போனதில், இரும்புப் பைப்பையும் ஃபில்டரையும் சேர்க்கும் ரப்பர் ஹோஸில் கிளிப்புக்கு அடியில் வெடிப்பு. வளைத்தால்தான் வாயைத் திறக்கும். புது ஹோஸ் 160 ரூபாய். குமிழ் நின்றது. சந்தோஷமாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

நான்காம் நாள் காலை, மறுபடியும் பிடிக்கவில்லை! வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்றே தோன்றியது. பெரியவர் ஃபில்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, “டீசல் ஃபில்டரு எப்ப மாத்துன?” என்றார். பத்து நாளைக்கு முன்னால், நானேதான். “செம்பு வாஷர் புதுசு போட்டியா?” போடவில்லை. பழசையே துடைத்துப் போட்டிருந்தேன். ஒரு தடவை நசுங்கிய செம்பு வாஷர் மறுபடி சரியாக உட்காராது. ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத கசிவுதான், ஆனால் ஒரு ராத்திரி முழுக்கக் காற்று இழுத்தால் லைன் காலி. நான்கு வாஷர், 40 ரூபாய். மாற்றிவிட்டு, லைனில் கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அமுக்க அமுக்கக் கல் மாதிரி இறுகியது. முன்பெல்லாம் அது பஞ்சு மாதிரி அமுங்கியதை ஞாபகப்படுத்தி அதற்கும் ஒரு திட்டு வாங்கினேன்.

கோளாறின் விலை 200 ரூபாய். பெரியவர் 500க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். வெட்டிச் செலவு 4,000, பேட்டரியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கண்ணாடி டியூபை இன்னும் கழற்றவில்லை. வாரம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து குமிழ் வருகிறதா என்று பார்க்கிறேன். டேஷ்போர்டில் எட்டு வாஷர் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் காலை அரைச் சுற்றில் பிடித்தது. மார்க்கெட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது பம்ப் கடையிலிருந்து போன். “என்னண்ணே, பம்பை எப்பக் கொண்டு வர்றீங்க?”

“வண்டியிலயே இருக்குப்பா, ஓடிக்கிட்டு” என்றேன்.