தொலைத்தவரிடமே கேட்டோம்

மகளின் ஒரிஜினல் சர்டிபிகேட் ஃபைலை ஷேர் ஆட்டோவில் விட்டுவிட்டு இறங்கியது நான்தான். கவுன்சிலிங்குக்கு நான்கே நாள். தண்டையார்பேட்டைக்கும் பாரிமுனைக்கும் நடுவே ஓடும் ஆட்டோக்களை எல்லாம் மறித்துக் கேட்டாயிற்று. அம்மா மட்டும் அசரவில்லை. "கோடி அற்புதர் அந்தோனியார்கிட்ட சொல்லிட்டேன். கிடைச்சதும் 13 செவ்வாய் நீ போய் வரணும்டி" என்றார். நேர்ந்துகொண்டது அவர், நடப்பது நான்! மூன்றாம் நாள் காலை ஆட்டோக்கார அண்ணன் ஒருவர், ஃபைலில் இருந்த நம்பரைப் பார்த்து போன் செய்துவிட்டார்.

நேற்று 13-வது செவ்வாய். ஆர்மேனியன் தெருவை நம் ஆட்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள். அங்கே அரண்மனையைக் காணோம், தள்ளுவண்டிதான் காலில் ஏறுகிறது. கோயிலுக்குப் பெயர் என்னவோ மாதா கோயில்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை யாரைக் கேட்டாலும் அந்தோனியார் கோயில்தான். வழியில் ஒருவர், "செருப்பை இங்க விடுங்கம்மா, காசு வேணாம்" என்றார். விட்டதும் மாலை, மெழுகுவர்த்தி எல்லாம் சேர்த்து 150 ரூபாய் என்று கையில் திணித்தார். 13 வாரமும் ஏமாந்தேன், சரி போகட்டும்.

அந்தோனியார் சுரூபத்துக்கு (சிலைக்கு) முன்னால் நெரிசல். பூ வைத்த அக்காமார்கள், கைக்குழந்தையோடு ஒரு முஸ்லிம் பெண், முழங்காலில் நின்ற ஒரு தாத்தா. வரிசை நகரவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய பழைய அந்தோனியார் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. குழந்தை இயேசுவும் லீலி மலரும் சின்ன வயதிலிருந்தே தெரியும். குழந்தை உட்கார்ந்திருப்பது ஒரு புத்தகத்தின் மேல் என்பது நேற்றுதான் கண்ணில் பட்டது.

அந்தோனியாரும் தொலைத்தவர்தானே! மடத்துச் சகோதரர்களுக்குப் பாடம் சொல்ல, கைப்படக் குறிப்பெழுதி வைத்திருந்த பைபிள் சங்கீதப் புத்தகத்தை, மடத்தை விட்டு ஓடிய ஒரு நவசந்நியாசி (துறவறப் பயிற்சியில் இருந்த பையன்) எடுத்துப் போய்விட்டான் என்பார்கள். அச்சு இல்லாத காலம், போனால் போனதுதான். அவர் மன்றாட, புத்தகமும் வந்தது, பையனும் மடத்துக்கே திரும்பினான். லிஸ்பனில் பிறந்து, பிரான்சிஸ் துறவற சபையில் சேர்ந்து, பிரசங்கங்களை எழுதி வைத்துவிட்டு 1231-ல் இத்தாலியின் பதுவை நகருக்குப் பக்கத்தில் இறந்தபோது அவருக்கு 36 வயதுதான் இருக்கும். 1263-ல் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது. 1946-ல்தான் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பித்த பெரிய அறிஞர் என்றது. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தொலைந்தது கிடைக்கும், அவ்வளவுதான்.

என் முறை வந்தது. மனப்பாடமாக வைத்திருந்த மன்றாட்டு ஒரு வரிகூட வாயில் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. பின்னாலிருந்த அக்கா தள்ளவில்லை, தோளில் கை வைத்தார். ஐயா, என் பிள்ளை காலேஜ் போய்க்கொண்டிருக்கிறாள். வேறென்ன சொல்ல?

அப்புறம் ஏழைகளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றினேன். அந்த ஆட்டோக்காரர் நீட்டிய பணத்தை வாங்கவே இல்லை. "எனக்கும் ஒண்ணு ஏத்துங்க, போதும்" என்றார். பதற்றத்தில் பெயர் கேட்க மறந்துவிட்டேன். போனில் 'ஃபைல் அண்ணன்' என்றுதான் இருக்கிறது. அந்தப் பெயரிலேயே வேண்டிக்கொண்டேன்.