இரட்டைக்கிளவி அல்லாத ஓசை

காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வரும் கார்களில் பாதிக்கு மேல் 10 வயதைக் கடந்தவை. சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழின் 10 ஆண்டுக் காலம் முடியும்போது, காரைக் கொடுத்துவிடுவதா, இன்னும் 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பித்து வைத்துக்கொள்வதா என்று ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் போடுகிறார்கள். புதுப்பித்துக்கொண்டவர்களின் கவலையெல்லாம் இஞ்சினைப் பற்றியதாகவே இருக்கும். ஆனால் அதற்கு முன்பே களைத்துப்போவது பெரும்பாலும் முன்சக்கரங்களைத் தாங்கி நிற்கும் ரப்பர் புஷ்களும் (அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் உருளைகள்) மூட்டுகளும்தான். 10 வயதுவரை இரண்டு ஆண்டுக்கொருமுறை சோதனைக்குப் போன கார் அதன்பின் ஆண்டுதோறும் போக வேண்டும் என்பதாலும், அங்கே அடிப்பாகத்தையும் பார்ப்பார்கள் என்பதாலும், முன்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டுவிட்டால் உரிமையாளருக்குத் தூக்கம் வராது.

அப்படித் தூக்கம் கெட்டு வந்தவர்களில் ஒருவர், பிடோக்கில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். வந்த அன்று அவர் கையில் கோடு போட்ட தாள் ஒன்று இருந்தது. சத்தம் எப்போது வந்தது, அப்போது கார் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அழகான கையெழுத்தில் நான்கு வரிகளாக எழுதியிருந்தார். முதல் வரியில், வீட்டின் கீழுள்ள வேகத்தடை மேட்டை நெருங்கும்போது இடப்பக்கம் 'டொக்' என்று கேட்கிறது என இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

பட்டறைக்கு வெளியே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், மேட்டுக்கு அருகில் சத்தம் கேட்டது. இரண்டு தூண் லிஃப்டில் காரைத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இல்லை. இடமும் வலமும் பிடித்து ஆட்டினேன், டை ராட் எண்டிலும் ஆட்டம் இல்லை. அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. கார் சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பியைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு தண்டான ஸ்டெபிலைசர் லிங்க்கை, இடப்பக்கத்தில் கையால் அசைத்தபோது மட்டும் அதன் முனையில் சிறு தளர்வு தெரிந்தது. மேடு, டொக், தளர்ந்த லிங்க் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டதாக நம்பி, இரண்டு பக்க லிங்க்குகளையும் மாற்றி, அன்று மாலையே காரைக் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் அவர் திரும்பி வந்தார். கோபம் எதுவும் காட்டவில்லை. "தம்பி, நீங்கள் மாற்றியதும் தேய்ந்த பொருளாகத்தான் இருந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் எழுதியது கடகட என்றோ தடதட என்றோ இல்லையே. இரட்டைக்கிளவியாகக் கேட்டிருந்தால் அப்படியே எழுதியிருப்பேன். இது ஒரே ஒரு டொக்" என்றார்.

இந்த வேலையில் இத்தனை ஆண்டுகளாக இருந்தும், சத்தத்தைக் குறிக்க நம் மொழியில் இவ்வளவு துல்லியமான சொற்கள் இருப்பதை நான் ஒரு கருவியாக எண்ணியதே இல்லை. சொல்லப்போனால் ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு சொல் இருக்கிறது. தேய்ந்த ஸ்டெபிலைசர் லிங்க், கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போகும்போது கடகடவென்று தொடர்ந்து தட்டும். இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு அளவில் ஏறி இறங்கினால்தான் அந்தக் கம்பிக்கு வேலை என்பதால், இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும் நேரான மேட்டில் அது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி ஓட்டும்போது டக்டக்கென்று அடுக்கிவந்தால் அது சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு. நின்ற இடத்தில் திருப்பும்போது ணங்கென்று ஒலித்தால், மேல் மவுண்டிங்கின் பேரிங் இறுகி, சுருள்வில் திரும்ப முடியாமல் துள்ளுகிறது என்று பொருள். உலர்ந்த ரப்பர் கிறீச்சிடும். இவற்றையெல்லாம் நான் அறிந்திருந்தும், மேடு என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டேன்.

மேசை இழுப்பறையில் கிடந்த அந்தத் தாளை எடுத்து மீண்டும் படித்தேன். மூன்றாவது வரி இது: "கார் நிறுத்துமிடத்தில் பின்னோக்கி எடுத்து, முன்னோக்கிப் புறப்பட்டு, முதன்முறை பிரேக்கை மிதிக்கையில் ஒரு டொக். இரண்டாம் முறை மிதிக்கையில் இல்லை." எங்கள் பட்டறையில் எல்லாக் கார்களையும் முகப்பு வெளியே பார்க்கும்படிதான் நிறுத்துவோம். ஆகவே நான் ஓட்டிப் பார்த்தபோது ஒருமுறைகூடப் பின்னோக்கி எடுக்கவில்லை. அவர் எழுதியிருந்த அந்த வரிசையை நான் செய்து பார்க்கவே இல்லை. மேட்டுக்கு முன்பு சத்தம் வந்ததற்கும், மேட்டை நெருங்கும்போது எல்லோரும் பிரேக்கை மிதிப்பதுதான் காரணம்.

இம்முறை அவரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னோக்கி, முன்னோக்கி, பிரேக். டொக். காதில் கேட்டதைவிட அதிகமாக அது என் உள்ளங்காலில் தெரிந்தது. கார் போகும் திசை மாறும்போது ஒருமுறை மட்டும் தட்டும் பொருள்கள் சிலவே. பிரேக் பேட் காலிப்பருக்குள் நகர்ந்து தட்டலாம், ஆனால் அது மெல்லிய 'டிக்', காலடியில் தெரியாது. இஞ்சின் மவுண்டிங் என்றால், பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கியரை மட்டும் ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றினாலே தட்ட வேண்டும். அதைச் செய்து பார்த்தோம், சத்தமில்லை. மிஞ்சியது லோயர் ஆர்மின் பின்புஷ்.

இங்கே அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று ஓடும் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது, அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் 1940களில் வகுத்து, 1950இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் போன்ற கார்கள் வழியே பரவிய அமைப்பு. சுருள்வில்லும் அப்சார்பரும் ஒரே தூணாகி மேலே உடலோடு சேர, கீழே ஒரே ஒரு லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. உறுப்புகள் குறைவு என்பதால் ஒவ்வொன்றும் பல வேலைகளைச் சுமக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படுவதையும், பின்னோக்கிப் போய் பிரேக் பிடிக்கும்போது முன்னால் தள்ளப்படுவதையும் பெரும்பாலும் அந்தப் பின்புஷ்ஷின் ரப்பர்தான் வாங்கிக்கொள்கிறது. அது கிழிந்துவிட்டால், திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஆர்ம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய் ஒருமுறை இடித்து, அங்கேயே தங்கிவிடும். அடுத்த பிரேக்கில் நகர்வதற்கு இடமிருக்காது. ஆசிரியர் "இரண்டாம் முறை இல்லை" என்று எழுதியதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஆனால் முதல் நாள் அது ஏன் என் கண்ணில் படவில்லை? எங்கள் மூத்த மெக்கானிக், நாள்தோறும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து வருகிற அண்ணன், கேட்டதும் சொல்லிவிட்டார்: "தூக்கி வெச்சுப் பாத்தா தெரியாதுடா. கார் தன் காலுல நிக்கும்போது பாரு." இரண்டு தூண் லிஃப்டில் சக்கரங்கள் தொங்குகின்றன, ஆர்ம் கீழே சாய்கிறது, ரப்பர் முறுக்கேறி வெடிப்பு இறுக மூடிக்கொள்கிறது. காரை நான்கு தூண் லிஃப்டில், அதன் எடை முழுவதும் டயர்களின்மேல் நிற்கும்படி ஏற்றி, விளக்கோடு அடியில் போனேன். இடப்பக்கப் புஷ் பழையது, ஆனால் முழுசாக இருந்தது. வலப்பக்கப் புஷ்ஷின் ரப்பர் பளபளவென்று கறுத்து ஊறிப்போயிருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. ஆர்முக்கும் அதைத் தாங்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே நெம்புகம்பியைக் கொடுத்து மெல்ல நெம்பியபோது, உள்குழலைச் சுற்றிப் பிறை வடிவில் ஒரு வெடிப்பு வாய் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. சுண்டுவிரல் நகம் நுழையும் அளவு இடைவெளி. மறுபக்கத்தில் அதே அழுத்தத்துக்கு ரப்பர் பிதுங்கியதே தவிரப் பிளக்கவில்லை.

ஆசிரியர் இடப்பக்கம் என்று சொன்னது தவறுதான், ஆனால் அதை நான் பிழையாக எண்ணவில்லை. சப்ஃபிரேம் குறுக்கே போகும் இரும்புச் சட்டம், ஒரு முனையில் தட்டினால் மறுமுனையிலும் ஒலிக்கும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் யாருடைய காதும் ஏமாறும். எப்போது வருகிறது என்பதில், கவனித்துக் கேட்டவர் ஏமாறுவதில்லை. அன்றிலிருந்து நான் வாடிக்கையாளரிடம் "எந்தப் பக்கம்?" என்று கேட்பதைக் கடைசிக் கேள்வியாக்கிவிட்டேன்.

ஊறிய ரப்பருக்குக் காரணம் மேலே இருந்தது. இஞ்சின் மூடியின் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பழுதாகி, எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் பின்புறம் இறங்கி அந்த ஒரு புஷ்மீது மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் புதுப் புஷ்ஷைப் போட்டால் அதற்கும் அதே கதிதான் என்பதால் கேஸ்கெட்டையும் மாற்றினோம். இரண்டு பக்கப் புஷ்களையும் சேர்த்தே மாற்றினோம்.

அதற்குப் பிறகு நான் மிகுந்த அக்கறை எடுத்துக்கொண்டது போல்ட்டுகளை இறுக்குவதில். ரப்பர் புஷ்ஷின் உள்குழல் போல்ட்டால் நெருக்கப்பட்டு அசையாமல் நிற்கும், ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கேறும். சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கிய கணத்திலேயே ரப்பர் பாதி முறுக்கேறிய நிலைக்கு வந்துவிடும். பிறகு ஒவ்வொரு மேடும் அதைக் கிழிவை நோக்கித்தான் தள்ளும். அவசரத்தில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள், நானும் தொடக்கத்தில் தவறவிட்டிருக்கிறேன். அன்று போல்ட்டுகளைக் கையளவு முடுக்கி, காரை டயர்களின்மேல் நிறுத்தி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, அது தன் இயல்பான உயரத்தில் அமர்ந்தபின், குறித்த விசையளவில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். சக்கர அலைன்மென்டையும் சரிபார்த்தோம். முதல்முறை மாற்றிய லிங்க்குகளுக்கு வாங்கிய கூலியை முதலாளி இந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.

மாலையில் ஆசிரியரோடு அவருடைய அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துக்கே போனேன். ஐந்தாம் தளத்தில் காரை வழக்கமான இடத்தில் நிறுத்தினார். பின்னோக்கி எடுத்தார், முன்னோக்கி நகர்த்தினார், பிரேக்கை மிதித்தார். மீண்டும் ஒருமுறை செய்தார். மூன்றாம் முறை கண்ணாடிகளை ஏற்றி, குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டுச் செய்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மூன்றாவது வரியைப் பேனாவால் அடித்தார். முதல் வரிக்கு வந்ததும் பேனாவை மூடிக்கொண்டார். "மேடு கீழேதானே இருக்கிறது, தம்பி. அதையும் கடந்து பார்த்துவிட்டு அடித்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக் காரைச் சரிவை நோக்கித் திருப்பினார்.