காந்தம் ஒட்டிய இடம்

பக்கத்துத் தெருவில் இன்று ஓர் எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், விற்பனைக்கு நின்றது. 1967 மாடல் திறந்த கார். கரும்பச்சை, கம்பிச் சக்கரம், குரோம் பம்பர்.

வந்தவர்கள் பெயிண்டின் பளபளப்பைத்தான் பார்த்தார்கள். விற்பவரோ மண்டியிட்டு, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் ஒரு சிறு காந்தத்தை வைத்து இழுத்துக் காட்டினார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அது பிடியை விடவே இல்லை.

பட்டியில் காந்தம் ஒட்டாது; ஆக, துருவைப் பட்டி பூசி மறைத்த இடம் எங்குமே இல்லை. முழுக்க இரும்பு!

எம்ஜிபிக்குப் பாரம் தாங்கும் தனி அடிச்சட்டம் (சேஸிஸ்) கிடையாது. கூரையும் இல்லாததால் பாரத்தின் பெரும்பங்கை அந்தத் தகடுகள்தான் தாங்குகின்றன. அவை துருவேறினால் வண்டி நடுவில் தொய்யும், கதவு சரியாக மூடாது. உள்ளே அரித்துப்போனதை மினுக்கி விற்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வரும்.

எம்ஜிபி தயாரான இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. 1988இல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய பாடி செய்து விற்கத் தொடங்கியது. இந்த விற்பவர் புது பாடி வாங்கும் அந்த எளிய வழிக்குப் போகவில்லை. அரித்ததை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து ஆல்பமாக வைத்திருக்கிறார்.

விலை அதிகம்தான். ஆல்பத்தைப் புரட்டிய பிறகு பேரம் பேச மனம் வரவில்லை.