அண்ணத்து ஊசிக்கு முன்னால் ஜெல்லா, கிரீமா?

பல் பிடுங்கப் போனவர்களைக் கேட்டால் தெரியும், மரத்துப்போகப் போடும் ஊசிகளில் மிகவும் வலிப்பது மேலண்ணத்தில் போடுவதுதான். கன்னத்துப் பக்கம் தசை தளர்வாக இருக்கும், மருந்து பரவ இடம் உண்டு. அண்ணத்துத் தோலோ எலும்போடு இறுக ஒட்டிக்கிடக்கிறது. கால் மில்லி மருந்தைச் செலுத்தவே கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருக்கும். அந்த இடம் வெள்ளையாக வெளுப்பதைக் கண்ணால் பார்க்கலாம். முதுநிலைப் படிப்பில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடியபோது, ஊசிக்கு முன் தடவும் மருந்துகளில் எது இந்த இடத்தில் உண்மையாகவே வேலை செய்கிறது என்று பார்த்துவிட முடிவுசெய்தேன்.

பென்சோகெயின் ஜெல், லிக்னோகெயின் ஸ்பிரே, எம்லா கிரீம், கிராம்பு எண்ணெய் என்று நான்கையும் ஒப்பிடும் திட்டத்தோடு என் வழிகாட்டியான பேராசிரியையிடம் போனேன். "நான்கு மருந்துக்கும் நோயாளிகளை எங்கேயம்மா தேடுவாய்?" என்று கேட்டுவிட்டு, இரண்டை அடித்தார். மிஞ்சியவை 20 சதவீத பென்சோகெயின் ஜெல்லும், லிக்னோகெயினும் பிரிலோகெயினும் தலா 2.5 சதவீதம் கலந்த எம்லா கிரீமும். கிராம்பு எண்ணெயை விட்டதில் இன்றும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த இரண்டும் வெவ்வேறு குணம் கொண்டவை. பென்சோகெயின் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் தடவிய இடத்திலேயே நிற்கும், ஒரு நிமிடத்துக்குள் மரக்கவும் செய்யும், ஆனால் மேலோட்டமாகத்தான். கிரீமின் கதை வேறு. லிக்னோகெயினும் பிரிலோகெயினும் தனித்தனியே அறை வெப்பத்தில் திடப்பொருள்கள். சம அளவில் கலந்தால் 18 டிகிரியிலேயே உருகி எண்ணெயாகிவிடுகின்றன. தண்ணீரில் கரைத்து நீர்த்துப்போகச் செய்யத் தேவையில்லாததால் அடர்த்தியாகவே உள்ளே இறங்குகின்றன. குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கும் முன் கையில் தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, ஒரு மணி நேரம் காத்திருப்பதற்கென்று வந்த மருந்து இது. வாய்க்குள் பயன்படுத்தலாம் என்று அதன் குறிப்பேட்டில் இல்லை. பல் மருத்துவர்கள்தான் தொடர்ந்து முயன்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளிப் போட வருபவர்களில் பலருக்கு மேல் வரிசையில் இரு பக்கமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப் பல்லை எடுப்பார்கள். அதுவே எனக்கு வசதியாகிவிட்டது. ஒரே ஆளுக்கு ஒரு வாரம் வலப்பக்கம் ஒரு மருந்து, மறு வாரம் இடப்பக்கம் இன்னொரு மருந்து. வலியைத் தாங்குவதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு இதில் பெரிதும் அடிபட்டுப்போகிறது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் நான் அஞ்சியது மருந்தியல் பேராசிரியரை. அவர் எதிர்பார்த்ததையே கேட்டார். பென்சோகெயின், பிரிலோகெயின் இரண்டுமே அரிதாக ரத்தத்தின் ஹீமோகுளோபினை மாற்றி, அது ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். ரத்தம் சாக்லேட் நிறமாகிவிடும். இந்த ஆபத்தினால்தான் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் வலிக்கென்று பென்சோகெயின் தடவக் கூடாது என 2018இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ரத்தச் சிவப்பணுக்களில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும் ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களைச் சேர்க்க மாட்டேன், நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் காட்டும் கருவியை விரலில் மாட்டியிருப்பேன் என்றேன். தலையசைத்தார்.

என்னைத் திணறடித்தவர் பொதுமக்கள் சார்பில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். "ஒரு பக்கம் மரத்து, இன்னொரு பக்கம் வலித்தால் என்ன செய்வீர்கள் டாக்டரம்மா? எழுதிக்கொள்வீர்களா, நிறுத்துவீர்களா?" என்றார். இரண்டு பக்கமும் மருந்துதான் தடவுகிறோம், வெறும் பசை தடவும் பக்கம் எதுவும் இல்லை என்று விளக்கினேன். அவர் விடவில்லை. இடக்கையைத் தூக்கினால் ஊசியை உடனே எடுத்துவிடுவோம் என்ற வரியை ஒப்புதல் படிவத்தில் சேர்த்த பிறகே ஒப்புக்கொண்டார். அந்தக் குழுவில் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தவர் அவர் ஒருவர்தான் என்பது என் கருத்து.

அடுத்தது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அங்கே பதிவு செய்துவிட வேண்டும். கட்டணம் இல்லை, பொறுமைதான் செலவு. விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், திருத்தி அனுப்ப வேண்டும்.

வேலை தொடங்கியதும் முதல் தலைவலி நேரம். ஜெல்லுக்கு ஒரு நிமிடம் போதும், கிரீமுக்கு அது போதாது. ஒரு நிமிடம் என்று வைத்தால் கிரீம் தோற்கும். ஐந்து என்று வைத்தால் அதற்குள் எச்சில் ஊறி ஜெல்லைக் கழுவிவிடும். எவ்வளவு காத்திருப்பது என்று தீர்மானிக்கும்போதே வெற்றியாளரில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறோம். இந்தத் தலைப்பில் வந்த கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நாங்கள் இரண்டுக்கும் ஐந்து நிமிடம் வைத்தோம். அது கிரீமுக்குச் சாதகம் என்பதை ஆய்வேட்டிலும் எழுதிவைத்தேன்.

இரண்டாவது, கிரீமின் குணம். ஜெல் பழ வாசனையோடு கெட்டியாக நிற்கும். கிரீமோ வாய்ச் சூட்டில் வெயிலில் வைத்த நெய்யாகிவிடும். கசப்பு வேறு. "தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது டாக்டர்" என்று ஒரு பெண் மிரண்டுபோனார். எச்சில் உறிஞ்சும் குழாயை வாயிலேயே விட்டு, அண்ணத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, பஞ்சுக் குச்சியில் கொஞ்சமாக எடுத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளப் பழகினேன். ஈரத்தின் மேல் தடவினால் எந்த மருந்தும் வீண். ருசியிலேயே வேறுபாடு தெரிவதால் நோயாளிக்கு மருந்தை மறைக்க வழியில்லை. ஊசி போடுபவருக்காவது தெரியக் கூடாது என்று, எந்தப் பக்கம் எந்த மருந்து என்று எழுதி மூடிய உறையைப் பிரித்து நான் தடவித் துடைத்துவிட்டு வெளியேறிய பிறகே என் சீனியர் உள்ளே வந்து ஊசி போடுவார்.

வலியை அளக்க 100 மில்லிமீட்டர் கோடு. இடது முனை வலியே இல்லை, வலது முனை தாங்கவே முடியாத வலி. பேனாவால் ஒரு குறி போட வேண்டும், நான் அளவுகோல் வைத்து அளப்பேன். எளிதாகத் தெரியும், ஆனால் இல்லை. உடன் வந்த நண்பனைப் பார்த்துக்கொண்டே, கண்ணில் நீர் முட்ட, இடது முனையிலேயே குறி போட்ட இளைஞர் உண்டு. கோடு முடிந்த இடத்தையும் தாண்டித் தாளின் ஓரத்தில் கோபமாகக் குறி போட்ட கல்லூரி மாணவியும் உண்டு. அதை நூறு என்றே கணக்கிட்டேன். ஆளுக்கு இரண்டு கோடுகள் கொடுத்ததுதான் இந்த ஆய்வில் நாங்கள் செய்த உருப்படியான காரியம். ஒன்று ஊசி குத்தும்போது, மற்றொன்று மருந்தைச் செலுத்தும்போது.

முதல் கோட்டில் கிரீம் தெளிவாக முந்தியது. இரண்டாவது கோட்டில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. காரணம் புரியாத ஒன்றல்ல. மேலே தடவும் மருந்து 2 முதல் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. தோலைக் குத்தும் வலியை அது குறைக்கலாம். எலும்பையொட்டி மருந்தை அழுத்தும்போது திசு விரியும் வலியை அதனால் தொட முடியாது. அதற்கு மருந்தை மெதுவாகச் செலுத்துவதைத் தவிர வழியில்லை. "நன்றாகத்தான் தடவினீர்கள், அப்புறம் ஏன் வலித்தது?" என்று கேட்ட நோயாளிகளுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் புள்ளிவிவரப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "உன் கிளினிக்கில் எதை வைத்திருப்பாய்?" என்றார். ஜெல் என்றேன். ஆய்வில் கிரீம்தானே வென்றது என்றார். வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது எச்சில் குழாயோடு ஐந்து நிமிடம் யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள் சார் என்றேன். சிரித்தார்.

இப்போது கிளினிக்கில் இரண்டும் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு ஜெல். ஊசி என்றாலே நடுங்குகிறவர்களுக்கு, அதுவும் அண்ணத்தில் போட வேண்டியிருந்தால், கூட்டமில்லாத மதிய வேளையில் நேரம் கொடுத்துக் கிரீம் தடவுகிறேன். எதைத் தடவினாலும், ஊசி இறங்கும் இடத்தை ஒட்டிப் பஞ்சுக் குச்சியின் பின்புறத்தால் அழுத்திக்கொண்டே குத்துகிறேன். அந்த அழுத்தம் குத்தலின் கூர்மையைக் குறைக்கிறது, அதற்குச் செலவும் கிடையாது.