சான்-சிர்க்-லபோப்பி: ஆற்றிலிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டிய ஊர்

சான்-சிர்க்-லபோப்பிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் செய்வது இதுதான். மேட்டில் காரை நிறுத்துகிறார்கள், இறங்கி வந்து கோட்டைப் பாறையில் ஏறிப் படம் எடுக்கிறார்கள், ஓர் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஊர் அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஆற்றுக்கு நூறு மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் எதற்காக ஓர் ஊரைக் கட்டினார்கள் என்பது மேலேயே நின்றுகொண்டிருந்தால் புரியாது. கீழே இறங்க வேண்டும்.

பிரான்சின் தென்மேற்கில், துலூஸ் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது லொட் மாவட்டம். மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்ததே லொட் ஆறுதான். சுண்ணாம்புக்கல் பீடபூமியை அறுத்துக்கொண்டு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. நாங்கள் துலூஸ்வாசிகள் என்பதால் காரில் போய்விட்டோம். கார் இல்லாதவர்கள் கஹோர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஃபிழாக் போகும் பஸ் பிடித்து, ஆற்றின் எதிர்க்கரையில் தூர்-தெ-ஃபோர் என்ற இடத்தில் இறங்கிப் பாலத்தைத் தாண்டி நடக்கலாம். நடை என்றால் நல்ல ஏற்றம். வெயில் காலத்தில் தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

இந்தத் தடவை ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட வந்தார். முழங்கால் வலிக்காரர். கூழாங்கல் பாவிய சரிவுத் தெருவைப் பார்த்ததும், "ஏட்டி, இதுல ஏறுறதுக்கு நான் பாபநாசம் மலையிலேயே ஏறியிருப்பேனே" என்றார். ஆனால் ஏறிவிட்டார். ஏற வைத்தது ஒரு கடைசல் பட்டறை.

இங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 200 பேர்தான். இடைக்காலத்தில் இது பரபரப்பான தொழில் ஊர். பெய்ரொலரி தெருவில் செம்புப் பாத்திரம் செய்தவர்கள், பெலிஸாரியா தெருவில் தோல் வேலை செய்தவர்கள் என்று தெருப்பெயர்களிலேயே தொழில் ஒட்டியிருக்கிறது. அந்தக் காலத்துக் கடைகளின் அகலமான கல் வளைவுகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. எல்லாவற்றையும்விட ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மரக்கடைசல். அதிலும் மது பீப்பாய்க்கு மாட்டும் மரக்குழாய்! சுற்றிலும் திராட்சைத் தோட்டம், கஹோர் ஒயின் படகு படகாக போர்தோ துறைமுகத்துக்குப் போன காலம். அத்தனை பீப்பாய்க்கும் குழாய் வேண்டுமே. அதற்கு ஏற்ற மரம் இந்தச் சரிவுகளிலேயே வளரும் பாக்ஸ்வுட். மெதுவாக வளரும் புதர்மரம் என்பதால் கட்டை வெளிர் மஞ்சளில், இழை தெரியாத அளவுக்கு நெருக்கமாக இருக்கும்.

நாங்கள் நின்ற பட்டறையில் கைத்தடிப் பருமனில் ஒரு துண்டை லேத்தில் பூட்டி உளியை வைத்தார் அந்த மனிதர். சுருள் சுருளாகத் தோல் கழன்று அவர் கால்மேல் விழுந்தது. அம்மாவுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். மரச்சொப்பு கடைகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர். கண்ணை எடுக்கவே இல்லை. "உளியைப் பிடிக்கிற பிடி அப்படியே நம்ம ஊருதான். அரக்குதான் கொடுக்கலை" என்றார். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் அவர் லேத்தை நிறுத்திவிட்டு, அரக்கு என்றால் என்ன, எப்படி ஏற்றுவார்கள் என்று கேட்க ஆரம்பித்தார். அப்புறம் எனக்கு மொழிபெயர்ப்பு வேலைதான். சில ஆண்டுகளாக ஓர் அந்துப்பூச்சியின் புழு இந்தப் பக்கத்துப் பாக்ஸ்வுட் புதர்களை மொட்டையடித்து வருகிறதாம். வழியில் காய்ந்து சாம்பல் நிறமாய் நின்றவை எல்லாம் அதனால்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

கோட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் கோட்டையே அதிகமில்லை. 1471-இல் பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி இடிக்கச் சொன்னார், மிச்சத்தை 1580-இல் நவார் நாட்டு ஹென்றி முடித்துவைத்தார். உச்சிப் பாறையில் சில சுவர்த் துண்டுகள் நிற்கின்றன. அங்கிருந்து பார்த்தால் ஆற்றின் வளைவு முழுசாகத் தெரியும். படம் எடுக்க இதுதான் இடம், வரிசையும் இங்கேதான். 2012-இல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் பிரெஞ்சுக்காரர்களின் மனங்கவர்ந்த ஊராகத் தேர்வானதிலிருந்து ஆகஸ்ட் மாதக் கூட்டத்தைச் சொல்லி மாளாது. முடிந்தால் ஜூனில் அல்லது செப்டம்பரில் போங்கள். குளிர்காலத்தில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும்.

சரி, ஆற்றுக்கு வருவோம்.

ஊரின் கீழிருந்து பூஸியெஸ் என்ற சிற்றூர் வரை கரையோரமாக ஒரு பாதை போகிறது. நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். முதலில் மர நிழலில் சாதாரண நடைபாதையாகத்தான் இருக்கும். கானில் என்ற இடத்தில் மலை நேராக ஆற்றுக்குள் இறங்கிவிடுகிறது, கால் வைக்கக் கரையே கிடையாது. அங்கே பாறையின் விலாவைக் குடைந்து பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கமும் கூரையும் பாறை, மறுபக்கம் திறந்த ஆறு. ஆறடி உயரமுள்ள என் கணவர் சில இடங்களில் தானாகவே தலையைக் குனிந்துகொண்டார்.

1840-களில் செய்த வேலை இது. படகுகள் ஒயினும் நிலக்கரியும் மரமும் ஏற்றிக்கொண்டு நீரோட்டத்தோடு இறங்கிவிடும். திரும்பி வரும்போது எதிர்நீச்சல் அல்லவா? கரையில் நடந்துகொண்டே கயிறு கட்டி இழுக்க வேண்டும். கரை இல்லாத இடத்தில் இழுப்பது எப்படி? அதற்காகத்தான் இவ்வளவு பாறையையும் உடைத்தார்கள். உளியும் வெடிமருந்தும் விட்டுப்போன தழும்புகளைச் சுவரில் தடவிப் பார்க்கலாம். இவ்வளவு பாடுபட்டும் பாதைக்கு ஆயுசு குறைவு. 1886-இல் இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் ஓட ஆரம்பித்தது, படகுத் தொழில் படுத்துவிட்டது. நூறு வருடம் கழித்து தானியேல் மோனியே என்ற சிற்பி இதே சுவரில் மீன்கள், கிளிஞ்சல்கள், அலைகள் என்று நீளமான ஒரு புடைப்புச் சிற்பம் செதுக்கியிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த உளித் தழும்புகளே போதுமானதாக இருந்தன.

பூஸியெஸ் பக்கம் போனால் மலைமுகத்தில், குகை வாயை மறைத்துக் கட்டிய மதில் ஒன்று தெரியும். வாசலும் சன்னலுமாக அந்தரத்தில் நிற்கும். உள்ளூர்க்காரர்கள் அதை ஆங்கிலேயர் கோட்டை என்கிறார்கள். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரின் நினைவு இன்னும் போகவில்லை.

மறுநாள் கயாக். ஆற்றங்கரையில் வாடகைக்குக் கிடைக்கிறது. மிதவைச் சட்டையும், போனையும் துணியையும் போட்டு மூட ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் தருவார்கள். லொட் சாதுவான ஆறு. படகுப் போக்குவரத்துக்காக அங்கங்கே தடுப்பணையும் மதகும் கட்டியிருப்பதால் தண்ணீர் குளம்போல் நிற்கும், துடுப்புப் போடாவிட்டால் நகராது. தடுப்பணை வரும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். கயாக் வழுக்கி இறங்கத் தனி வழி இருந்தால் அதில் போகலாம், இல்லையென்றால் இறங்கித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அம்மா கரையிலேயே நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளை, நடுவுல போகாதீங்க, ஓரமாவே போங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆழம் மார்பளவுகூட இல்லாத இடம் அது.

ஒரு வளைவு திரும்பியதும் ஊர் தலைக்குமேல் வந்து நின்றது. பாறை முடிந்து வீடு தொடங்கும் இடம் எது என்று சட்டென்று சொல்ல முடியவில்லை, இரண்டும் ஒரே கல். கோட்டைப் பாறையில் நின்றால் ஆறு இருபக்கமும் எவ்வளவு தூரம் தெரிந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. இங்கே எந்தப் படகும் மேலிருப்பவன் கண்ணில் படாமல் தப்பியிருக்காது. ஊர் ஏன் அங்கே உட்கார்ந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த வட்டாரத்துக்கு வந்துவிட்டுப் பெஷ் மெர்ல் என்ற ஆதிகால ஓவியக் குகையைப் பார்க்காமல் போகக் கூடாது. பக்கத்துச் செலே பள்ளத்தாக்கில், கப்ரரே ஊருக்கு மேலே இருக்கிறது. புகழ்பெற்ற லாஸ்கோ ஓவியக் குகைக்குப் போனால் நமக்குக் காட்டுவது நகல், அசல் குகையை 1963-இலேயே பூட்டிவிட்டார்கள். இங்கே இன்னும் அசலையே பார்க்கலாம். அதனால்தான் ஒரு நாளைக்கு 700 பேருக்குமேல் விடுவதில்லை, முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. உள்ளே எப்போதும் 12 டிகிரிதான், வெளியே எவ்வளவு வெயிலடித்தாலும் ஸ்வெட்டர் வேண்டும். 1922-இல் இரண்டு உள்ளூர்ப் பையன்கள் தவழ்ந்து போய்க் கண்டுபிடித்த குகை இது.

புள்ளி வைத்த இரண்டு குதிரைகள். சுமார் 29,000 ஆண்டுப் பழமை. வலப்பக்கக் குதிரையின் தலை வரும் இடத்தில் பாறையே குதிரைத் தலை வடிவத்தில் முடிகிறது. வரைந்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் கை அச்சுகள். மிஷேல் லோர்ப்லான்ஷே என்ற தொல்லியலாளர் இதே படத்தை வேறொரு குகைச் சுவரில் செய்துபார்த்தார். கரியை வாயில் மென்று, கையை மறைப்பாக வைத்துத் துப்பித் துப்பியே வரைந்தார். 32 மணி நேரம் பிடித்ததாம். புள்ளிகள் கற்பனை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். பழங்காலக் குதிரை எலும்புகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, அப்படிப் புள்ளிக் குதிரைகள் நிஜமாகவே இருந்திருக்கக்கூடும் என்று 2011-இல் தெரியவந்தது.

சர்ரியலிசக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் 1951-இல் சான்-சிர்க்-லபோப்பியில் வீடு வாங்கி, கோடைதோறும் வந்து தங்கியவர். 1952-இல் இந்தக் குகைக்கு வந்தவர், ஓவியம் போலியோ என்று சந்தேகப்பட்டு மாமூத் யானைப் படத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டார். தகராறாகி, வழக்காகி, அபராதம் வரை போனது. இவ்வளவு பெரிய மனிதருக்கு இந்தப் புத்தி எதற்கு என்று எனக்கு இப்போதும் கோபம்தான்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, இது வாத்து நாடு. சைவக்காரர்கள் சாலட் சொல்லும்போதே வாத்து ஈரல், இரைப்பை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்குக் கைகொடுத்தது ரொக்கமதூர் சீஸ்தான். ஆட்டுப்பாலில் செய்த, சின்ன வடை அளவு வட்டம். ரொட்டியில் வைத்துச் சூடாக்கி, தேனும் அக்ரூட்டும் போட்டுத் தருகிறார்கள். அக்ரூட் எண்ணெயும் வாங்கலாம். குங்குமப்பூ விளையும் ஊர் இது என்றால் அம்மா நம்பவில்லை. கஜார்க் பக்கம் பழைய காலத்தில் பயிரிட்டு விட்டுப்போனதை 1990-களின் கடைசியில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். சந்தையில் ஒரு குப்பியின் விலையைக் கேட்டதும் அம்மா நம்பிவிட்டார், காஷ்மீர் விலைதான்.

திரும்பும் வழியில் கஹோரில் வலாந்த்ரே பாலம். 1308-இல் தொடங்கி 1378-இல் முடித்த, மூன்று கோபுரங்கள் வைத்த கல் பாலம். வேலை முடியாமல் தவித்த கட்டடக்காரன், சொன்னதையெல்லாம் செய்து தந்தால் தன் ஆன்மாவைத் தருவதாகச் சாத்தானிடம் ஒப்பந்தம் போட்டானாம். கடைசி வேலையாக, சுண்ணாம்பு குழைக்கச் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னானாம். தோற்றுப்போன சாத்தான் அதற்குப் பழிவாங்க, நடுக்கோபுர மூலைக் கல் ஒன்றை ராத்திரிதோறும் பிடுங்கிப் போட்டதாகக் கதை. 1879-இல் பாலத்தைப் பழுதுபார்த்த போல் கூ என்ற கட்டடக் கலைஞர், அந்த இடத்தில் ஒரு குட்டிச் சாத்தான் சிலையையே செதுக்கி வைத்துவிட்டார். கல்லைப் பிடுங்க முடியாமல் விரல் மாட்டிக்கொண்டு தொங்குகிறது. கண்டுபிடிக்க ஒரு யோசனை: நடுக்கோபுரத்தின் உச்சிக்கு அருகே மூலையைப் பாருங்கள். எங்களில் முதலில் பார்த்தது அம்மாதான், அதுவும் கண்ணாடி போடாமல்.