காபிக்கு ஒரு மணி நேரம் முன்னால்

என் ரத்தப் பரிசோதனைத் தாள்களை ஒரு ஃபைலில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். மின்வாரியக் கணக்குப் பிரிவில் 33 வருடம் இருந்தவனுக்கு அந்தப் புத்தி லேசில் போகாது. அந்த ஃபைலில் முதல் தாள் 2023 மார்ச். பணி ஓய்வு பெற்ற கையோடு, மகள் தொந்தரவு தாங்காமல் எடுத்துக்கொண்ட முழு உடல் பரிசோதனை அது.

வெறும் வயிற்றில் சர்க்கரை 118. சாப்பிட்ட பின் 162. மூன்று மாத சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி 6.6. எல்டிஎல் கொழுப்பு 171. எடையும் ஒரே வருடத்தில் நாலு கிலோ ஏறியிருந்தது. தாளைப் பார்த்த மருத்துவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. "ஷுகர் வந்திருச்சு, கொழுப்பும் இருக்கு, வயசாச்சுல்ல." சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, இரவில் கொழுப்புக்கு ஒரு மாத்திரை. அரிசியைக் குறை, நட என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் சோற்றைப் பாதியாக்கினேன். ஜூனில் வெறும் வயிற்றில் 114. அவ்வளவுதான் இறங்கியது. அதைவிட மோசம், கெண்டைக்கால் இரண்டும் எப்போதும் அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. மதியம் தூங்கி எழுந்தாலும் மறுபடி தூக்கம். தஞ்சாவூர் வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, நான் மின்விசிறியைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றால் உடம்பு இப்படித்தான் சோம்பும் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

கால்வலிக்காகத்தான் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். தாளைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் என்னைத்தான் பார்த்தார். "சார், அந்த நாற்காலியில முட்டி போட்டு நில்லுங்க, பாதம் வெளிய தொங்கட்டும்." பெஞ்சில் ஏற்றிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றேன். குதிகாலுக்கு மேலிருக்கும் தசைநாணில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். பாதம் விசுக்கென்று துள்ளியது. ஆனால் திரும்பி வந்தது மெதுவாக, வேண்டாவெறுப்பாக. இன்னொரு தட்டு, அதே மாதிரி. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்: "பாருங்க, போறது வேகமா போகுது, வர்றதுக்கு மனசில்ல." தைராய்டு குறைந்தவர்களுக்கு வரும் பழைய அடையாளம் அதுவாம். அன்றைக்கே டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

தைராய்டா? அது பெண்களுக்கு வருவதாயிற்றே என்றேன். பெண்களுக்கு அதிகம் வரும், ஆண்களுக்கு வராது என்று யார் சொன்னது என்று கேட்டார். என் மனைவி 15 வருடமாக அந்த மாத்திரை போடுகிறாள். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு ஒருதரம்கூடப் பார்க்கத் தோன்றவில்லை.

டி.எஸ்.எச். 14.2 வந்தது. அது தைராய்டுச் சுரப்பியின் அளவு அல்ல; "ஏன் வேலை செய்யவில்லை" என்று மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி போடும் சத்தத்தின் அளவு. சுரப்பி சோம்பச் சோம்ப அது கூடும். சுரப்பி விடும் ஹார்மோனான ஃப்ரீ டி4 கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தது. டிபிஓ எதிர்ப்பணுவும் இருந்தது. அதாவது உடம்பின் காவல்படையே சுரப்பியை அரித்துக்கொண்டிருக்கிறது. 1912-ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் எழுதிவைத்த நோய். வெறும் வயிற்று இன்சுலினும் பார்க்கச் சொன்னார். 19.

இந்த இடத்தில்தான் கணக்குப்பிள்ளைக்கு உயிர் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405-ஆல் வகுக்க வேண்டும். அதன் பெயர் ஹோமா-ஐஆர். அன்றைய சர்க்கரை 112. 112 பெருக்கல் 19 வகுத்தல் 405, 5.25. பொதுவாக 2.5 தாண்டினாலே இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்பார்கள். அதாவது எனக்கு இன்சுலினுக்குப் பஞ்சமில்லை. சொன்னால் உடம்புதான் கேட்பதில்லை.

தைராய்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சுரப்பி விடுவது பெரும்பாலும் டி4. அது ஈரலிலும் மற்ற இடங்களிலும் டி3 ஆக மாறிய பிறகுதான் வேலைக்கு ஆகும். சாப்பாட்டுக்குப் பின் இன்சுலின் வந்ததும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அதை உள்ளே இழுக்கும் குளூட்-4 என்ற கடத்தியைத் தசை போதிய அளவு தயாரிக்க டி3 வேண்டும். குறைந்தால், அரிசி இருக்கிறது, கார்டு இருக்கிறது, எடை போட ஆள் இல்லாத ரேஷன் கடை கதைதான். இது என் உவமை, டாக்டரம்மா சிரித்தார். ஈரல் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுப்பதும் அதே காரணத்தால் மந்தமாகும். என் 171-க்கு நெய் மட்டும் காரணமில்லை. தைராய்டு குறைவாக இருக்கும்போது கொழுப்பு மாத்திரை போட்டால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடுமாம். அந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். அதை முதல் மருத்துவர் சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை ஒரு வருத்தம். எனக்குச் 'சர்க்கரை நோயாளி' என்று முத்திரை குத்தியது அந்த 6.6 மட்டும்தான். மற்ற இரண்டு எண்ணும் எல்லைக்கோட்டு அளவு. தைராய்டு குறைந்தவர்களுக்குப் புதுச் சிவப்பணு உற்பத்தி மந்தமாகி, பழைய அணுக்களே அதிகம் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றில் சர்க்கரை ஒட்ட நேரமும் அதிகம். அதனால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவிலும் இதே ஏமாற்று வேலை உண்டாம். ஒரு வாரம் வீட்டில் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்து எழுதிவரச் சொன்னார். ஒருநாள்கூட வெறும் வயிற்றில் 120-ஐத் தாண்டவில்லை.

ஈசிஜி எடுத்துவிட்டு, தைராய்டு மாத்திரையான தைராக்சினை 25-ல் தொடங்கி ஒரு மாதத்தில் 50 ஆக்கினார். வயதானவர்களுக்கு எடுத்த எடுப்பில் அதிகம் கொடுத்தால் இதயம் படபடக்கும் என்பதால் படிப்படியாகத்தான். மெட்ஃபார்மினை மாற்றவில்லை. செப்டம்பர் கடைசியில் டி.எஸ்.எச். 9.8. இதைவிட நன்றாக இறங்கியிருக்க வேண்டும் என்று முகம் சுளித்தார். "எப்படி மாத்திரை போடுறீங்க?"

"காலையில எழுந்ததும், வெறும் வயித்துல."

"அப்புறம் எப்ப காபி?"

பதில் என் மனைவியிடமிருந்து வந்தது. "அஞ்சு நிமிஷம்கூட ஆகாது டாக்டர். டிகாஷன் இறங்குற வாசனை வந்தா இவர் நிக்கமாட்டார்." கூடவே, முட்டிவலிக்கு என்று நானே வாங்கிப் போட்டுக்கொண்ட கால்சியம் மாத்திரை, அதுவும் இட்லியோடு. காபியும் கால்சியமும் தைராக்சினைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுக்கும். காபிக்கு ஒரு மணி நேரம், கால்சியத்துக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் கேட்டேன், நீ எப்படி இத்தனை வருடம் சமாளித்தாய் என்று. "நாலே முக்காலுக்கு மாத்திரை, அஞ்சே முக்காலுக்குக் காபி. உங்களுக்குப் போட்டுக் கொடுத்துட்டு நான் வாசல் தெளிக்கப் போறதே அதுக்குத்தாங்க." பதினைந்து வருடம் அவள் என்னோடு சேர்ந்து முதல் காபி குடித்ததில்லை. நான் கவனித்ததுமில்லை.

அந்த ஒரு மணி நேரம் முதல் பத்து நாள் நரகம். பேப்பரை விளம்பரம் உட்பட முழுதாகப் படித்தேன். கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் போனது. டிசம்பரில் டி.எஸ்.எச். 5.1. அளவை 75 ஆக்கினார். மாத்திரை ரத்தத்தில் நிலைப்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதற்குள் பரிசோதிப்பது காசுக்குக் கேடு. 2024 மார்ச்சில் 2.9. கால்வலி அதற்கு முன்பே போய்விட்டது. வெறும் வயிற்றில் 101, இன்சுலின் 11. கணக்குப் போட்டால் 2.74. ஹெச்பிஏ1சி 6.0, எல்டிஎல் 126.

முழுப் பெருமையும் தைராக்சினுக்கு இல்லை. ஜனவரியில் சாப்பாட்டுக்குப் பின் மொட்டைமாடியில் கால் மணி நேரம் நடக்க ஆரம்பித்திருந்தேன். 2.74 என்பதும் முழுதாகச் சரியான எண் இல்லை. தைராய்டு சரியானபின் மிஞ்சியிருப்பது வயதின் பங்கு என்றார் டாக்டரம்மா: தசை கரைகிறது, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. அதற்கு மாத்திரை இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார். முதல் நாள் ஏழோடு மூச்சு வாங்கியது. இப்போது இருபது. சோற்றைக் குறைத்த கையோடு பருப்பையும் முட்டையையும் கூட்டியிருக்கிறோம். கொழுப்பு மாத்திரை சிறிய அளவில் திரும்ப வந்திருக்கிறது, வலிக்கவில்லை.

என் கதையைக் கேட்டு 78 வயதுப் பெரியப்பாவும் டி.எஸ்.எச். பார்த்துவிட்டு, 6.2 என்று தாளோடு வந்து நின்றார். டி4 சரியாக இருந்தது, ஒரு தொந்தரவும் இல்லை. டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை. வயது ஏற ஏற டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவது இயல்பு. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து நடந்து 2017-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இப்படி லேசாக ஏறியவர்களுக்குத் தைராக்சின் கொடுத்தும் சோர்வு குறையவில்லை. தேவைக்கு மேல் போட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும், ஈரல் சர்க்கரையை அள்ளி விடும். "உன் மாத்திரையில பாதி குடுடா" என்று கேட்டவருக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த பரிசோதனை வரும் மாதம். அன்றைக்கு ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை போட வேண்டும் என்று உத்தரவு. லேப் திறப்பது ஏழு மணிக்கு. ஆக, அன்று காபி எட்டு மணிக்கு மேல்தான்.