கொத்துப்பட்ட கோழி: வன்னி வளவில் செய்து பார்த்தவை

காலபோக மழை இறங்கி, கோழிகள் பகலிலும் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் கார்த்திகை, மார்கழியில்தான் இங்கே கொத்துச் சண்டை கூடும். வெயில் நாளில் மெலிந்த கோழி பற்றைக்குள் ஓடித் தப்பிவிடும். கூட்டுக்குள் அதற்கு ஓட இடமில்லை. வாழ்வாதார உதவியாகக் கிடைத்த, முட்டைக்கென்றே வளர்க்கும் லேயர் பேடுகளை ஊர்க்கோழிகளோடு சேர்த்து விட்ட வளவுகளில் இது இன்னும் மோசம். ஊர்ப்பேடு உடம்பில் சிறிது என்றாலும் பெரிய லேயரை மூலைக்கு மூலை கலைக்கும்.

மருந்தை எடுக்க முன்னர் எங்கே கொத்துப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலையிலும் பூவிலும் (கொண்டையிலும்) என்றால் யார் பெரிது என்ற சண்டை. முதுகில் இறகு போய், விலாவில் கீறல் இருந்தால் அது சேவலின் வேலை; எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். வாலடி வெறுமையாகிறது என்றால் தீனில் புரதக் குறைவு, அல்லது பேன், சிற்றுண்ணி. இரவில் ரோர்ச் அடித்து, கோழி தங்கும் தடியின் இடுக்குகளைப் பாருங்கள். இரத்தம் குடித்துச் சிவந்த சிற்றுண்ணிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். பூவில் மருப்போல எழும்பிக் கறுத்த பொருக்குகள் கொத்துக்காயம் அல்ல, அம்மை. மழைக்குப் பின் நுளம்பு பரப்புவது அது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது முட்டை வரும் வாயில் கொத்துவது. முட்டையிட்டவுடன் உட்சதை சிறிது நேரம் சிவப்பாக வெளியே தெரியும். பெட்டிக்குள் வெளிச்சம் இருந்தால் பக்கத்தில் நிற்பது அதைக் கொத்தும், பிறகு குடலையே இழுத்துவிடும். பெட்டி வாயில் உரப்பைத் துண்டொன்றைத் திரையாகத் தொங்கவிட்டதும், நாலைந்து பேட்டுக்கு ஒரு பெட்டி என்று ஆக்கியதும் இதை நிறுத்தின.

கூட்டில் செய்த மாற்றம் அதிகமில்லை. ஒரு கோழிக்கு நாலு சதுர அடி நிலம், தடியில் எட்டு அங்குல இடம். தடிகள் எல்லாம் ஒரே உயரத்தில்; ஏற்ற இறக்கமாகக் கட்டினால் மேல்தடிக்கு ஒவ்வொரு பின்னேரமும் சண்டை. தீன் பேணிகள் இரண்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி நடுவில் கிடுகு மறைப்பு. ஒரு பேணியைக் காவல் காக்கிற பேட்டால் இரண்டைக் காக்க முடியாது. மழை நாளில் முருங்கைக் கொப்பொன்றைத் தலை உயரத்தில் கட்டிவிட்டால் சொண்டுக்கு வேலை கிடைக்கும்.

தவிடும் குறுணலும் மட்டும் போட்டால் புரதம் காணாது. முட்டையிடும் கோழிக்கு குறைந்தது நூற்றுக்குப் பதினாறு வேண்டும். லேயர் தீனுடன் கறையான், அல்லது ஊறவைத்து உப்புக் கழுவிய கருவாட்டுத் தூள் கொஞ்சம். கழுவாமல் போட்டால் தண்ணீராய்க் கழியும்.

இரத்தம் கண்டால் அந்தக் கோழியை உடனே வெளியே எடுக்க வேண்டும். சிவப்பைக் கண்ட மற்றவை விடாது. ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசி இல்லாத சிறிஞ்சால் காயத்துக்குள் பீய்ச்சிக் கழுவுங்கள். சுற்றியுள்ள இறகைக் கத்தரிக்கலாம், பிடுங்கக் கூடாது. தோல் கூடவே கிழிந்துவரும். பிறகு பத்து வீதப் பொவிடோன் அயடினை சாயம் குறைந்த வெறுந்தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து பூசலாம். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் மேற்கீறலுக்குச் சரி. ஆழமான காயத்தில் அது அழுக்கை உள்ளே வைத்து மூடிவிடும்.

வன்னி வெக்கையில் காயத்தைவிட ஈதான் கோழியைக் கொல்லும். காயத்தில் ஈ இடும் முட்டை ஒரு நாளைக்குள் புழுவாகிவிடும். ஆகவே காயக் கூட்டை நுளம்பு வலையால் மூடி, காலையும் மாலையும் பார்க்க வேண்டும். புழு விழுந்தால் பலர் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். அது தோலைச் சுடும். உப்புத் தண்ணீரால் கழுவி இடுக்கியால் எடுப்பதே வழி. நாய், கீரி கடித்த கோழியில் தோலைத் தொட நறநறவென்று காற்றுச் சத்தம் வந்தால் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். வீட்டில் மிஞ்சிய குளிசையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். வைத்தியர் மருந்து தந்தால் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்றும் கேளுங்கள்.

காயம் ஆறுவது பெரிய விஷயமில்லை. ஆறியதைத் திரும்பக் கூட்டத்துக்குள் விடுவதுதான் கஷ்டம். கண் மறைவில் வைத்தால் சில நாளிலேயே மற்றவைக்கு அது புதுக்கோழி. அதனால் காயப்பட்டதைக் கம்பிவலைக்கு அப்பால், எல்லாம் பார்க்கும்படி வைத்து, கொத்தியதையே கண் காணாத வேறு கூட்டில் மூன்று நாலு நாள் போட்டோம். திரும்பி வரும்போது அதன் பெரியதனம் குறைந்திருந்தது. தோலை இறகு மூடிய பிறகு, பொழுதுபட்டதும் காயக் கோழியைத் துணைக்கு ஒன்றுடன் தடியில் ஏற்றி, விடியும்போது கிட்ட நின்று, தீனை நிலத்தில் பரவலாகத் தூவ வேண்டும். இரண்டொரு கொத்தும் கலைப்பும் வரும், பரவாயில்லை. மூலையில் அமத்தி வைத்துக் கொத்தினால் மறுபடி வலைக்கு அப்பால்.

எப்போதாவது ஒரு பேடு எதற்கும் அடங்காது. மேய்கிற கோழிக்குச் சொண்டு வெட்டினால் கறையானைக்கூடப் பொறுக்கத் தெரியாமல் தவிக்கும். அதைவிட அதைச் சட்டிக்கு அனுப்புவது மேல்.